முள் பொய் சொன்னால் ஆள் திருடனா?

தோட்டத்து வண்டியில் டிரைவருக்கு முன்னால், ஒரு கண்ணாடிக்குள், ஒரு சிறு முள் இருக்கிறது. அதற்கு எண்ணெய் மீட்டர் என்று பெயர். முள் மேலே நின்றால் டாங்கியில் எண்ணெய் உண்டு. கீழே விழுந்தால் தீர்ந்தது. இவ்வளவு சின்னச் சமாசாரத்துக்குத் தொழிலாளர் பத்திரிகையில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. அந்த முள்ளைக் காட்டி ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். அந்த முள்ளைக் காட்டி ஒரு குடும்பஸ்தனைத் திருடன் என்கிறார்கள். அந்த முள்ளை நம்பிப் புறப்பட்ட வண்டி மேட்டுப் பாதையில் நின்றுவிட்டால், விடியுமுன் எழுந்து மரம் வெட்டியவர்களின் பால் தொட்டியிலேயே உறைகிறது. ஆகவே இது டிரைவர்களுக்கு மட்டும் உரிய விஷயமல்ல; மரம் வெட்டுகிறவர்களுக்கும், கணக்கு எழுதும் கிராணிமார்களுக்கும் உரிய விஷயம்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய வண்டியின் எண்ணெய் மீட்டரை மட்டும் சாட்சியாக வைத்து எந்த டிரைவர் மீதும் குற்றம் சாட்டக் கூடாது. முதலில் மீட்டரை விசாரிக்க வேண்டும்; அதன் பிறகே மனிதனை விசாரிக்க வேண்டும்.

இரண்டு விதப் பழி

ஒரு டிரைவரை நினைத்துக்கொள்வோம். காலையில் ஸ்டோரில் எண்ணெய் ஊற்றிக் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுக்கிறார். மத்தியானம் ஆபீசுக்கு வந்த மானேஜர் வண்டியை எட்டிப் பார்க்கிறார். முள் அடியில் கிடக்கிறது. "காலையில் ஊற்றிய எண்ணெய் எங்கே போயிற்று?" என்று கேட்கிறார். டிரைவர் என்ன பதில் சொல்வார்? "எண்ணெய் இருக்கிறது, ஐயா. மீட்டர்தான் சரியில்லை" என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நாம் கேட்பது இதுதான்: கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? கோலை எடுத்து அளந்து பார்த்தவர் யார்?

இன்னொரு டிரைவரை நினைத்துக்கொள்வோம். அவருடைய முள் எப்போதும் மேலேயே நிற்கிறது. எண்ணெய் நிறைய இருக்கிறதென்று நம்பிப் புறப்படுகிறார். பாதி வழியில் எஞ்சின் நின்றுவிடுகிறது. டாங்கி காலி. "கவனமில்லாதவன், வேலைக்கு லாயக்கில்லாதவன்" என்று பெயர் வாங்குகிறார். டீசல் வண்டியாக இருந்தால் எண்ணெய் ஊற்றிய மாத்திரத்தில் ஓடாது; குழாய்களில் புகுந்த காற்றைப் பம்பு அடித்து வெளியேற்ற வேண்டும். அதற்குள் பால் கெட்டிப்படத் தொடங்கிவிடும். அமோனியா சேர்த்தால் கொஞ்ச நேரம் தாங்கும். சேர்க்காத பால் வெய்யிலில் நின்றால் கட்டிப்பால்தான். எடைக்கும் பாலின் கனத்துக்கும் தக்கபடி கூலி கிடைக்கும் இடத்தில் அந்த நஷ்டம் எந்த வாளியிலிருந்து கழிக்கப்படும் என்பதை மரம் வெட்டுகிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

குறைவாகக் காட்டினால் திருடன். நிறைவாகக் காட்டினால் கவனமில்லாதவன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இந்தப் பேச்சு இப்போது ஏன் அவசியமாகிறது என்றால், எண்ணெய்க்கு முன்போல விலை இல்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே நாளில் ஏறிற்று. 45 லிட்டர் பிடிக்கும் டாங்கியில் முள் கால் பங்கு தவறாகக் காட்டினால் 11 லிட்டருக்கு மேல் வித்தியாசம். அந்த விலையில் கணக்குப் பார்த்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 37 வெள்ளி. மாதத்தில் நாலு தடவை அப்படி நேர்ந்தால் 150 வெள்ளி காணவில்லை என்று ஆபீசில் எழுதப்படும். ஒரு துளி எண்ணெயும் வெளியே போகாமலே 150 வெள்ளி காணாமல் போகும் அதிசயம் இது!

மீட்டருக்குள் என்ன இருக்கிறது?

எதிராளி இன்னதென்று தெரிந்தால்தான் வாதாட முடியும். ஆகவே இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறதென்று சொல்கிறோம். பட்டறைக்குப் போகாதவர்களும் புரிந்துகொள்ளலாம்.

பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக்கைப் பாலில் விட்டால் அது மிதக்கிறதல்லவா? அதுபோல எண்ணெய் டாங்கிக்குள் ஒரு மிதவை உண்டு. சில வண்டிகளில் அது பித்தளை. சில வண்டிகளில் பிளாஸ்டிக். மிதவை ஒரு கம்பிக் கையின் நுனியில் இருக்கிறது. எண்ணெய் ஏறினால் கை ஏறும். இறங்கினால் கை இறங்கும். கையின் மறுநுனி ஒரு மெல்லிய கம்பிச் சுருளின்மேல் உராய்ந்து நகரும். நகரும் இடத்துக்குத் தக்கபடி அந்தச் சுருள் மின்சாரத்தைக் கூடவோ குறையவோ தடுக்கும். இந்தத் தடையை ஓம் என்ற கணக்கில் அளக்கிறார்கள். டாங்கியிலிருந்து ஒரு வயர் டிரைவருக்கு முன்னால் உள்ள மீட்டருக்குப் போகிறது. தடை மாற மாற முள் மாறுகிறது. பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக மீட்டருக்கு மின்சாரம் வருகிறது. டாங்கியின் இரும்பு வண்டியின் சட்டத்தோடு சேர்ந்து எர்த் ஆகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஆக, முள் சரியாகக் காட்ட வேண்டுமானால் ஐந்து சாட்சிகள் ஒன்றுபட்டு உண்மை பேச வேண்டும்: மிதவை, சுருள், வயர், எர்த், மீட்டர். பழைய வண்டியில் இந்த ஐந்தில் எது எப்போது பிறழும் என்று யாருக்குத் தெரியும்?

மிதவையில் பற்று விட்டு ஓட்டை விழுந்தால் எண்ணெய் உள்ளே புகுந்து மிதவை முழுகிப்போகும். டாங்கி நிரம்பி வழிந்தாலும் முள் காலி என்றே காட்டும். சுருள் ஒரே இடத்தில் தேய்ந்துபோனால் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் முள் செத்து விழும். அதைத் தாண்டினால் மறுபடி உயிர் பெறும். வண்டி எந்த அளவு எண்ணெயில் அதிகம் ஓடுகிறதோ அந்த இடம்தான் அதிகம் தேயும். அடிமரக் கட்டையில் இடித்து டாங்கி நசுங்கியிருந்தால் கை சிக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். மழையிலும் சேற்றிலும் உழலும் தோட்டத்து வண்டியில் எர்த் பிடிக்கும் இடம் துருப்பிடிப்பது சகஜம்.

ஒரே நோய், இரண்டு குணம்

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எல்லா வண்டிகளும் ஒரே விதமாகப் பொய் சொல்வதில்லை.

நமது தோட்டங்களில் பழைய காலத்திலிருந்து பழக்கமானது லேண்ட் ரோவர். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலில் காட்டப்பட்ட வண்டி அது. அந்த இனத்துப் பழைய வண்டிகளில் டாங்கி காலியாக இருக்கும்போது தடை அதிகம், நிறைந்திருக்கும்போது தடை குறைவு. காலி என்றால் 240 ஓம் அளவிலும், நிறைவு என்றால் 30 ஓம் அளவிலும் இருக்கும். 1986 வரை வந்த அமெரிக்க ஃபோர்டுகளிலும் இதே போக்குதான். ஆனால் எண் வேறு. காலிக்கு 73, நிறைவுக்கு 10 என்பதை ஒட்டியிருக்கும். 1968-இல் பிறந்த டொயோட்டா ஹைலக்ஸின் பழைய பிக்கப்புகளும் இந்த ஜாதியே. இவற்றில் வயர் அறுந்தால், அல்லது எர்த் துருப்பிடித்தால், தடை கூடி முள் கீழே விழும். அதாவது எண்ணெய் இருந்தும் இல்லை என்று காட்டும். வயரின் மேல்தோல் உரிந்து சட்டத்தில் பட்டால் முள் மேலே ஏறிவிடும். அதாவது எண்ணெய் இல்லாமலே நிறைவு என்று காட்டும்.

பழைய ஷெவர்லே பிக்கப்புகளோ நேர் எதிர். காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம். ஆகவே அங்கே வயர் அறுந்தால் முள் நிறைவையும் தாண்டி ஓடும். வயர் சட்டத்தில் பட்டால் காலி என்று விழும். ஐரோப்பிய வி.டி.ஓ. கருவிகளில் காலிக்கு 10, நிறைவுக்கு 180.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் வெளியாகின்றன. ஒன்று, லேண்ட் ரோவர், ஹைலக்ஸ் போன்ற பழைய வண்டிகளில் மிகச் சாதாரணமாக வரக்கூடிய துரு என்ற நோய், எண்ணெய் திருட்டுப் போனதுபோலவே தோற்றம் காட்டும். துருப்பிடித்தது இரும்பு, பழி பிடித்தது மனிதனை. இரண்டு, செலவைச் சுருக்குவதாக நினைத்து, வேறு ஜாதி வண்டியின் உறுப்பைக் கழற்றி இந்த வண்டியில் மாட்டினால் அந்த மீட்டர் ஒருநாளும் உண்மை பேசாது. புது உறுப்பு போட்டாயிற்றே, இனி மீட்டரைக் குறை சொல்லாதே என்று வாதாடுபவர்கள், போட்ட உறுப்பு எந்த வண்டியுடையது என்பதையும் சொல்ல வேண்டும்.

சோதிப்பது எப்படி?

மீட்டரைச் சோதிக்கப் பெரிய இஞ்சினீயர் வேண்டாம். வண்டி வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கும், ஒரு சுத்தமான மரக்கோலும், ஒரு துண்டு வயரும், கடையில் கிடைக்கும் ஓம் மீட்டரும் போதும். ஆனால் எச்சரிக்கை முதலில். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் செய்ய வேண்டும். சுருட்டு, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. ஒரு பொறி போதும். வயரைக் கழற்றுவதும் மாட்டுவதும் சாவியை அணைத்த பிறகே நடக்க வேண்டும். டாங்கியைத் திறப்பதற்கு முன் பாட்டரியின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

முதற்படி, வண்டியைச் சமதரையில் நிறுத்துவது. மேட்டிலும் சரிவிலும் எண்ணெய் ஒரு பக்கம் சாயும்; மிதவையும் ஏமாறும். மேட்டில் நிற்கும் வண்டியின் முள்ளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, சாய்ந்த தராசில் பால் நிறுப்பதற்குச் சமம். சமதரையில் நிறுத்தி, சாவியைத் திறந்து, அரை நிமிஷம் பொறுக்க வேண்டும். பல பழைய மீட்டர்களில் உள்ளே ஒரு தகடு சூடேறி வளைந்துதான் முள் நகரும். அது நிதானமாகவே எழும். அவசரக்காரர்களுக்கு அது பதில் சொல்லாது.

இரண்டாவது, மரக்கோலை டாங்கிக்குள் விட்டு அளப்பது. கோலும் முள்ளும் ஒத்துப்போனால் மீட்டரின்மேல் குறையில்லை. ஒத்துப்போகாவிட்டால் பொய் சொல்வது எது என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும். பாதி வழக்கு இங்கேயே தீரும்.

மூன்றாவது, பக்கத்து மீட்டரைப் பார்ப்பது. எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரும் சேர்ந்து செத்துக் கிடந்தால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பழைய லேண்ட் ரோவர்கள் பலவற்றில் இரண்டு மீட்டருக்கும் பொதுவாக ஸ்டெபிலைசர் என்ற சிறு டப்பா உண்டு. பாட்டரியின் 12 வோல்ட்டை 10 வோல்ட் அளவுக்கு அடக்கிக் கொடுப்பது அதன் வேலை. அது கெட்டாலும், அதன் எர்த் விட்டுப்போனாலும், இரண்டு முள்ளும் சேர்ந்தே அதிகமாகக் காட்டும். இரண்டும் ஒன்றாகப் பிறழ்ந்தால் டாங்கியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

நாலாவது, டாங்கியின்மேல் உள்ள வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திறப்பது. லேண்ட் ரோவர், ஹைலக்ஸ் இனத்தில் முள் காலியில் நிற்க வேண்டும். பிறகு சாவியை அணைத்து, அந்த வயரின் நுனியைச் சுரண்டிச் சுத்தம் செய்த சட்டத்து இரும்பில் கட்டி, மறுபடி சாவியைத் திறந்தால் முள் நிறைவை நோக்கி ஏற வேண்டும். முள் ஏறியது தெரிந்ததும் சாவியை அணைத்துவிட வேண்டும். அதிக நேரம் விட்டால் சில மீட்டர்களின் உள்கம்பி கருகிப்போகும். இடையில் ஒரு சிறு பல்பைச் சேர்த்துக் கட்டுவது இன்னும் நல்லது. முள் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போய் வந்தால், மீட்டரும் வயரும் நிரபராதிகள். குற்றவாளி டாங்கியில் இருக்கிறான். முள் அசையவே இல்லையென்றால், மீட்டரிலிருந்து டாங்கி வரைக்கும் தற்காலிகமாக ஒரு புது வயர் இழுத்துப் பார்க்க வேண்டும். அதில் முள் அசைந்தால் பழைய வயர் அறுந்திருக்கிறது. அப்போதும் அசையாவிட்டால் மீட்டரையோ அதற்கு வரும் மின்சாரத்தையோ பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, எர்த். டாங்கியில் உள்ள கருவியின் உடம்பிலிருந்து சட்டத்துக்கு ஒரு துண்டு வயரைக் கட்டிப் பார்ப்பது. அந்த மாத்திரத்தில் முள் சரியான இடத்துக்கு வந்தால், நோய் துருதான். சுரண்டிவிட்டு ஒரு திருகாணியும் ஒரு முழம் வயரும் போட்டால் தீர்ந்தது. ஒருவனுடைய வேலையையே பறிக்கப் பார்த்த வியாதிக்கு மருந்து அவ்வளவுதான்!

ஆறாவது, இவ்வளவுக்கும் பிறகு குறை தீராவிட்டால் கருவியை டாங்கியிலிருந்து எடுத்து, ஓம் மீட்டரை வைத்துக்கொண்டு, கையை மெதுவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். எண் படிப்படியாக மாற வேண்டும். நடுவில் குதித்தாலும், ஓரிடத்தில் செத்தாலும், சுருள் தேய்ந்தது என்று அர்த்தம். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே எண்ணெய் தளும்பும் சத்தம் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். பழைய லேண்ட் ரோவர் பிக்கப்பில் டாங்கி முன்சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் இது சுலபம். ஹைலக்ஸ் போன்றவற்றில் டாங்கியை இறக்கவோ பின்பெட்டியைத் தூக்கவோ வேண்டிவரும். இதனால்தான் பட்டறைக்காரர்கள் பலர் இந்தக் கடைசிச் சோதனையைத் தட்டிக்கழித்து, "மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சீட்டெழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டில் எந்தெந்தச் சோதனை நடந்தது என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். எழுதாத சீட்டு சாட்சியாகாது.

முத்திரை இல்லாத அளவை

ஒரு பேச்சுக்கு மீட்டர் பழுதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது அதை அளவையாக ஒப்புக்கொள்ளலாமா? கூடாது என்கிறோம். டாங்கி நேரான பெட்டியல்ல. மேலே அகன்றும், கீழே குறுகியும், ஓரம் வளைந்தும் இருக்கும். முள் பாதியில் நிற்பதால் எண்ணெயும் சரிபாதி என்று கணக்கில் எழுத முடியாது. வண்டி செய்தவனே அந்த முள்ளில் லிட்டர் எண்ணைப் போடவில்லை. காலி, பாதி, நிறைவு என்று குத்துமதிப்பாகத்தான் போட்டிருக்கிறான். வழியில் நின்றுவிடாமல் டிரைவரை எச்சரிப்பதற்கு ஏற்பட்ட கருவி அது. ஆளைத் தண்டிப்பதற்கு ஏற்பட்டதல்ல.

1972-ஆம் ஆண்டின் நிறுவை, அளவைச் சட்டப்படி எண்ணெய்க் கடையின் பம்பைச் சோதித்து முத்திரை இடுகிறார்கள். ஒரு லிட்டர் என்று விற்பது ஒரு லிட்டராக இருக்க வேண்டும் என்பதற்காக. பம்புக்கு முத்திரை உண்டு. கடைக்காரன் தராசுக்கு முத்திரை உண்டு. முள்ளுக்கு எந்த முத்திரை இருக்கிறது? முத்திரை இல்லாத தராசில் நிறுத்துப் பால் கணக்கு எழுதினால் மரம் வெட்டுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? இருக்க மாட்டார்கள். டிரைவர் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்பத்தில் உள்ள தொழிலாளர்களுக்கு 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இருக்கிறது. அதன் 24-ஆம் பிரிவு, சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. எண்ணெய் குறைந்ததாகச் சந்தேகம் என்று சொல்லி ஆபீசில் உட்கார்ந்தபடியே ஒரு தொகையைக் கழித்துக்கொள்ள அதில் இடமில்லை. 14-ஆம் பிரிவு, ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்கோ பதவி இறக்குவதற்கோ முன்னால் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்கிறது. விசாரணைக்காக வேலையை நிறுத்திவைத்தால் அது 2 வாரத்துக்கு மேற்படக் கூடாது; அந்த நாட்களுக்கு அரைச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்; குற்றம் இல்லையென்று தெரிந்தால் பிடித்துவைத்த சம்பளத்தை முழுவதும் திருப்பித் தர வேண்டும். நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் 20-ஆம் பிரிவின்கீழ், நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் மனுச் செய்துகொள்ள வேண்டும். 60 நாள் என்பதை மறந்துவிடக் கூடாது. பேசித் தீர்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தி உரிமையை இழப்பது பெருந்தவறு.

முறையான விசாரணை என்றால் என்ன? சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பிருக்க வேண்டும். இங்கே சாட்சி அந்த முள். அதைக் குறுக்கு விசாரணை செய்யும் முறையைத்தான் மேலே ஆறு படியாகச் சொன்னோம். விசாரணைக்கு முன்பே வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி மீட்டரை மாற்றிவிட்டால் சாட்சியைக் கலைத்ததாகும். ஆகவே குற்றச்சாட்டுக் கடிதம் கையில் கிடைத்த அன்றே, மீட்டரைத் தொடாமல் வைத்து, தங்கள் முன்னிலையில் சோதிக்க வேண்டும் என்று டிரைவரும் கிளைக் காரியதரிசியும் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமது பக்கத்துக் கடமை

நியாயம் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் பேச வேண்டும். எண்ணெயை விற்றுவிட்டு மீட்டர் கெட்டுப்போனது என்று சொல்கிறவன் இருந்தால், அவன் நிர்வாகத்துக்கு மட்டும் துரோகியல்ல. உண்மையாகவே மீட்டர் கெட்டுப்போன நூறு டிரைவர்களுக்கும் துரோகி. அவனுக்காகச் சங்கம் வாதாட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. திருடனையும் நிரபராதியையும் பிரித்துக் காட்டுவது சோதனை ஒன்றுதான். அதனால்தான் சோதனையைக் கேட்கிறோம்.

டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டர் பிறழ்வது தெரிந்த முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். பழுதுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். வாங்கியவரின் கையெழுத்தைப் பெறுங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள். குற்றம் சாட்டிய பிறகு சொல்லும் உண்மையை விட, குற்றம் சாட்டுமுன் எழுதிய ஒரு வரி பத்து மடங்கு பலமுள்ளது.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் மேலேயும் பதில் சொல்ல வேண்டியவர்கள், கீழேயும் பதில் சொல்ல வேண்டியவர்கள். உங்கள் கஷ்டம் நமக்குத் தெரியும். முள்ளைப் பார்த்து எழுதும் கணக்கு ஒருநாள் உங்களையே மாட்டிவைக்கும். ஸ்டோரில் ஊற்றிய எண்ணெய்க்குக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள் அல்லவா? நிறைவுக்கு நிறைவு என்ற கணக்கைப் பின்பற்றுங்கள். முதல் நாள் டாங்கியை வாய்மட்டம் நிரப்பி, ஓடிய தூரத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து மறுபடி வாய்மட்டம் நிரப்புங்கள். இப்போது ஊற்றிய லிட்டர்தான் உண்மையில் செலவான லிட்டர். ஓடிய தூரத்தை அதனால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வரும். நாலைந்து தடவை இப்படி எழுதினால் அந்த வண்டியின் வழக்கம் இன்னதென்று தெரிந்துவிடும். மேட்டுக் காட்டுக்குப் பால் தொட்டியை இழுத்துப்போகும் மாதத்தில் செலவு கூடுவதும் அதில் தெரியும். உண்மையாகவே எண்ணெய் களவு போனால் அதுவும் அந்தக் கணக்கில்தான் தெரியும், முள்ளில் தெரியாது.

நாம் கேட்பது

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் லிட்டர் குறித்த ஓர் அளவுகோல் செய்து வையுங்கள். காலி டாங்கியில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றிக் கோலில் கோடு போட ஒரு காலைப்பொழுது போதும். பழுதுப் புத்தகம் வையுங்கள்; அதில் எழுதியதைத் திருத்துங்கள். மீட்டர் பிறழ்கிறது என்று எழுதப்பட்ட வண்டியில் ஆட்களையும் பாலையும் ஏற்றித் தொலைதூரம் அனுப்பாதீர்கள்; அனுப்புவதானால் கோலால் அளந்து அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் டிரைவரும் சங்கப் பிரதிநிதியும் இருக்கும்போது சோதனை செய்யுங்கள். சோதனை முடியுமுன் கடிதம் எழுதாதீர்கள்.

ரப்பர் இருந்த காடுகள் பல செம்பனையாகிவிட்டன. லயங்கள் பல காலியாகிவிட்டன. எஞ்சியிருக்கும் இடங்களில் எஞ்சியிருக்கும் பழைய வண்டிகளை, பழைய சாமான்களைக் கொண்டே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நமது தோழர்கள். புது வண்டி வாங்கித்தராத நிர்வாகம், பழைய வண்டியின் பொய்யையாவது தொழிலாளியின் கணக்கில் எழுதாமல் இருக்கட்டும்.

தோழர்களே! இந்தப் பத்திரிகையைப் படித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் தோட்டத்து டிரைவரிடம் கொடுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் அளவுகோலையும் பழுதுப் புத்தகத்தையும் பற்றித் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானத்தின் நகலை ஆபீசுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மரக்கோலுக்கு ஆகும் செலவு சில காசு. அது இல்லாத குறைக்கு ஒரு தொழிலாளியின் மானம் விலையாகக் கூடாது.